பிள்ளைக்கென்று ஒரு பாத்தி

(பொன்விழா ஆண்டின் குடும்ப விழாவன்று, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

அன்பிற்குரிய பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, உள்ளே இடமிருந்தும் வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்கிற பாட்டிமாரே!

பொன்விழாக் குழுவினர் இன்றைய கூட்டத்துக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு "இக்காலத்தில் பிள்ளை வளர்ப்பு" என்பது. மனைவி மக்கள் இல்லாத ஒரு சாமியாரிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தவர்களின் துணிச்சலை முதலில் பாராட்டவேண்டும். பிள்ளை வளர்ப்பு முழுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர என்னால் ஆகாது. ஆனால் அதிலே ஒரு சிறு பகுதியைப் பற்றி, அதாவது ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு சின்னத் தோட்டம் தொடங்கிக் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றி, கொஞ்சம் பேசமுடியும். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். குருமடத்துக்குப் போன பிறகும் மண்வெட்டி என் கையை விட்டுப் போகவில்லை. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் என் வார்த்தையை ஓரளவு நம்பலாம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி வண்டியாகக் காய்கறி போகிற சீமை நம்முடையது. நிலக்கோட்டைப் பூவைத் தொடுக்காத ஊர் இந்தப் பக்கத்தில் குறைவு. அப்படியிருந்தும், சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்பிலே, "வெண்டைக்காய் மண்ணுக்கு மேலே காய்க்குமா, கீழே காய்க்குமா?" என்று நான் கேட்டபோது, பாதிப் பேருக்கு மேல் கீழே என்று கையை உயர்த்தினார்கள். சிரிக்காதீர்கள். கையை உயர்த்தியவர்களில் இரண்டு பேருடைய தாத்தாமார் இன்றைக்கும் வெண்டை பயிரிடுகிறார்கள். தாத்தாவின் தோட்டம் 3 மைல் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. அதற்குமேல் கைப்பேசி இருக்கிறது. பிள்ளையின்மேல் குற்றமில்லை.

தோட்டம் என்றதும் உங்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. "சாமி, எங்கள் வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லையே" என்பீர்கள். நான் கேட்பது 3 அடிக்கு 3 அடி. அதுவும் இல்லையென்றால் இரண்டு பழைய பெயின்ட் வாளி. மாடியிலோ, படிக்கட்டின் ஓரத்திலோ வெயில் படுகிற இடத்தில் அவை நிற்கட்டும். பெரிய இடம் கொடுத்தால்தான் தவறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு சென்ட் நிலத்தைக் காட்டினால் அது இரண்டாம் நாளே மலைத்துப்போகும். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் விடுவது அம்மாவின் வேலையாகிவிடும். பாத்தியின் அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டவேண்டும். உள்ளே கால் வைக்கக்கூடாது. சிறு பிள்ளையின் கை ஒன்றரை அடிக்கு எட்டும். ஆகவே இருபுறமும் போக வழியிருந்தால் 3 அடி, சுவரை ஒட்டியிருந்தால் ஒன்றரை அடி.

அடுத்த விஷயம்தான் முக்கியமானது. அந்த இடம் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கவேண்டும்.

நான் படித்த சிறு குருமடத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் கைவேலை உண்டு. எங்களுக்கு முந்திய வகுப்பினருக்கு, நான்கு பேருக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நால்வரில் ஒவ்வொருவரும், மற்ற மூவரில் யாராவது தண்ணீர் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். பங்குனி வெயிலில் கத்தரியெல்லாம் கருகிப்போனது. மறு ஆண்டு எங்கள் வகுப்புக்கு ஆளுக்கொரு பாத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் பெயர். அந்தக் கோடையில் ஒரு பாத்திகூட வாடவில்லை. பக்தி பெருகியதால் அல்ல, பெயர் எழுதியிருந்ததால்தான்.

நீங்கள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தினமும் சொல்கிறீர்களே, அந்தக் கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பிரெடரிக் ஃபுரோபல் என்ற கல்வியாளர் 1837-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரிலே சிறு குழந்தைகளுக்கென்று ஒரு கூடம் தொடங்கி, 1840-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். வெறும் உவமைக்காக வைத்த பெயரன்று. அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப்பாத்தி உண்டு. அவற்றைச் சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியிலே குழந்தை தன் இஷ்டப்படி விதைக்கலாம். 1851-இல் பிரஷ்ய அரசாங்கம் இந்தப் பள்ளிகளைத் தடைசெய்துவிட்டது. தடை நீங்கியது 1860-இல். ஃபுரோபல் அதைக் காணாமலே 1852-இல் இறந்துபோனார். நம் நாளில் எந்த அரசாங்கமும் தடைபோடாமலேயே தோட்டம் போய்விட்டது, கே.ஜி. மட்டும் நிற்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வருகிறது. அதைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும், விட்டுவிடுகிறேன்.

சொந்தம் என்றால் என்ன? என்ன விதைப்பது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யவேண்டும். விளைந்ததை யாருக்குக் கொடுப்பது என்பதையும் பிள்ளையே முடிவுசெய்யவேண்டும். வரிசை கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். பிள்ளை தூங்கிய பிறகு அப்பா வந்து வரிசையை நேராக்கிவைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். காலையில் எழுந்து பார்க்கிற பிள்ளைக்கு, அது இனித் தன் தோட்டமல்ல என்பது ஒரு வார்த்தை சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நம்மிடம் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குத்தானே என்று, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் தேங்குகிற மூலையைக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தண்ணீருக்கு வாழை சரிப்படும், கீரை சரிப்படாது. புதிதாகத் தொடங்குகிறவனுக்குத்தான் நல்ல இடம் வேண்டும். ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலை வெயில் விழுந்து பிற்பகலில் நிழல் தட்டுகிற கிழக்குப் பக்கம் மிக நல்லது.

மண் விஷயம் சுலபம். செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம், மூன்றும் சம அளவு. மக்காத சாணத்தைப் போட்டால் வேர் வெந்துபோகும். வாளியாக இருந்தால் அடியில் ஐந்தாறு துளை போட்டு, துளையின் மேல் ஓட்டுச் சில்லுகளை வைத்துப் பிறகு மண்ணை நிரப்புங்கள். துளை போடுவது உங்கள் வேலை. மண்ணைப் பிசைவது பிள்ளையின் வேலை. சட்டை அழுக்காகும். அழுக்காகக்கூடாது என்றால் இத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

கருவி என்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மைச் சாமான் வேண்டாம். இரண்டாம் நாள் ஒடிந்துவிடும், பிள்ளையும் அழும். வீட்டிலே இருக்கிற சின்னக் களைக்கொத்தின் பிடியைக் குட்டையாக வெட்டிக் கொடுங்கள். தண்ணீருக்கு ஒரு பழைய பாட்டில் எடுத்து, மூடியில் ஆணியைச் சுடவைத்து ஏழெட்டுத் துளை போடுங்கள். குவளையால் ஊற்றினால் கீரை விதையெல்லாம் ஒரு மூலைக்கு மிதந்து போய்விடும்.

இனி விதை. பலரும் நினைப்பதுபோல் கடைக்குப் போகவேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்து விதைத்தால் மூன்று நான்கு நாளில் முளை தலைகாட்டும். மூன்று வாரத்தில் கீரை பறிக்கலாம். முதன்முதலில் விதைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிர் எனக்குத் தெரியாது. மல்லி விதையை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைக்கவேண்டும். அந்த உருண்டைக்குள் இருப்பது இரண்டு விதை. இதைச் சொன்னால் பெரியவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் மல்லி முளைக்கப் பத்து நாளுக்கு மேலாகலாம். ஆகவே அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுகீரை அல்லது தண்டுக்கீரை. விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. எறும்பு தூக்கிக்கொண்டு போகும் என்று நம் பாட்டிமார் கொஞ்சம் அரிசி நொய்யையும் சேர்த்துத் தூவுவார்கள். எறும்பு நொய்யோடு போய்விடும். பிறகு வெண்டை. விரல் கணு ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை. நன்றாக வளர்வதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடவேண்டும். இந்தக் கிள்ளுகிற வேலைக்குப் பிள்ளை சம்மதிக்காது. வற்புறுத்தவேண்டாம், இரண்டும் இருக்கட்டும். காய் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெண்டையின் பூ இளமஞ்சள், நடுவிலே கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். பள்ளிக்குப் புறப்படும் முன் பார்த்தால்தான் உண்டு. விதைத்து 45 நாளுக்குள் முதல் காய் வந்துவிடும்.

ஓரத்தில் ஒரு காசித்தும்பை இருக்கட்டும். முற்றிய காயைத் தொட்டவுடன் சுருண்டு வெடித்து விதையைச் சிதறுமே, அந்த ஒன்றுக்காகவே பிள்ளை தினமும் தோட்டத்துக்கு வரும். பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

மூன்று வகைக்கு மேல் வேண்டாம். பூசணி கேட்டால் பூசணியும் விதைக்கலாம், கொடியைப் பாத்திக்கு வெளியே ஓடவிட்டால் சரி. ஆனால் முதலில் வருகிற பூக்களெல்லாம் உதிர்ந்துபோகும். பிள்ளை அழுதுகொண்டு வந்தால், பூவின் அடியிலே சின்ன உருண்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையிருந்தால் பெண்பூ, இல்லாவிட்டால் ஆண்பூ. ஆண்பூக்கள் முதலில் வந்து உதிரும். பெண்பூ பிறகுதான் வரும். வயல் வைத்திருக்கும் சிலருக்கே இது தெரியாமல் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள்.

விதைத்த இரண்டாம் நாள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை மண்ணைத் தோண்டி விதையை எடுத்துப் பார்க்கும். அடிக்கவேண்டாம். அதே நாளில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரத்துணியை வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு தட்டைப்பயற்றைச் செருகிவையுங்கள். வேர் கீழே இறங்குவதும், பயறு இரண்டாகப் பிளந்து தலையைத் தூக்குவதும் கண்ணுக்குத் தெரியும். தோண்டுகிற ஆசை இங்கே தீர்ந்துபோகும்.

காத்திருக்கப் பழகுவதே ஒரு கல்வி என்பது மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்து. அவர் 1939-இல் சென்னைக்கு வந்தவர். போர்க்காலத்தில் நாடு திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை இதோ நமக்கு மேலே இருக்கிற கோடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பழகி, செடிகொடிகளையும் சிறு உயிர்களையும் காட்டி அவர்களுக்குக் கல்வி புகட்டினார். விதை நாம் அவசரப்படுவதற்காக முளைக்காது. கைப்பேசியிலே விரலால் தள்ளினால் அடுத்த படம் வருவதுபோல் அது வராது. பிள்ளைக்கு இதை நாம் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை, விதையே பார்த்துக்கொள்ளும்.

பிள்ளை கொஞ்சம் பெரியதானால் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எத்தனை விதை போட்டேன், எத்தனை முளைத்தது, முதல் பூ என்றைக்கு, அவ்வளவு போதும். பட்டாணிச் செடிகளை 1856 முதல் 1863 வரை எண்ணி எண்ணி எழுதிவைத்த கிரகோர் மெண்டல், புருனோ நகரத்து அகுஸ்தீன் சபை மடத்தில் வாழ்ந்த துறவி. உழவர் வீட்டுப் பிள்ளை. சிறுவயதில் தோட்டவேலையும் தேனீ வளர்ப்பும் பழகியவர். மரபியல் என்கிற விஞ்ஞானமே மடத்துத் தோட்டத்தின் ஒரு துண்டு நிலத்தில் பிறந்தது. அவர் இறந்தது 1884-இல். உலகம் அவரைக் கவனித்ததோ 1900-இல். உங்கள் பிள்ளை மெண்டல் ஆகவேண்டும் என்று நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடாதீர்கள். அப்படிச் செய்யக்கூடியவர்கள் நம் பங்கிலே இருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். செடி செத்துப்போனால் என்ன செய்வது?

நம் பங்கிலே ஒரு சிறுமி தக்காளி வளர்த்தாள். ஆடு ஒரு முறை இலையைக் கடித்துவிட்டது. அது பிழைத்து வந்தது. பிறகு வேர் அழுகிச் சாய்ந்துவிட்டது. பிள்ளை பள்ளியிலிருந்து வருமுன் அவள் தந்தை நர்சரிக்கு ஓடிப்போய், அதே உயரத்தில் ஒரு செடி வாங்கிவந்து அந்த இடத்திலேயே நட்டுவிட்டார். அன்புள்ள மனிதர், மகள் அழுவதைப் பார்க்க அவரால் முடியாது. அவள் வந்தாள், பார்த்தாள், கேட்டது ஒரே கேள்வி: "ஆடு கடித்த இலை எங்கே அப்பா?" அதற்குப் பிறகு அவள் அந்தச் செடிக்குத் தண்ணீர் விடவில்லை.

அந்தத் தந்தையை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர் செய்தது சரியென்றும் சொல்லமாட்டேன். செடி செத்ததைத் தாங்கிக்கொள்ளப் பிள்ளைக்குத் தெம்பு உண்டு. அப்பா தன்னை ஏமாற்றினார் என்பதைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு கிடையாது. செத்த செடியைச் செத்தது என்றே சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்து வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி வழவழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். மொரமொரவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை. வேரே அரிக்கப்பட்டிருந்தால் மண்ணுக்குள் புழு. பிறகு அதை உரக்குழியில் போடட்டும். மறுபடி விதைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளை சொல்லட்டும். ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமலிருந்தால் நீங்களும் ஒன்றும் சொல்லாமலிருங்கள். பெரும்பாலும் தண்ணீர் அதிகமாவதால்தான் சாகும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, ஈரமிருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பழக்கிவிட்டால் பாதிச் செடிகள் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து நான் சொல்லப்போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நாமெல்லாரும் விவசாயத்துக்கு மருந்தடிக்கிற ஊரில் இருக்கிறோம். பிள்ளையின் பாத்திக்கு எந்தப் பூச்சிமருந்தும், குருணை மருந்தும் வரக்கூடாது. மருந்து வந்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளக் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அதைக் கொடுக்காதீர்கள். கடையில் வாங்குகிற விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து பூசிய விதை. பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். சாயம் பூசாத நாட்டு விதையே வாங்குங்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை விஷம் என்று பெயர் சொல்லிக் காட்டிவைக்கவேண்டும். நம் மாதா கெபியைச் சுற்றி நிற்கிற மஞ்சள் அரளியும் அதில் அடக்கம். நம் மாநில மலரான செங்காந்தளை இந்தப் பக்கத்தில் விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அந்தக் கண்வலிக் கிழங்கும் கொடிய விஷம். தொட்டி, வாளிகளை நகர்த்துமுன் பெரியவர் ஒருவர் அடியிலே பார்த்துவிடவேண்டும், தேள் இருக்கும். தொழு உரத்தில் கை வைக்கிற பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பத்து வயதிலும் போடவேண்டிய தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

அப்படியானால் பூச்சிக்கு என்ன செய்வது? கையால் பொறுக்கலாம். அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். அடுப்புச் சாம்பலைத் தூவலாம். ஆனால் எல்லாப் புழுவையும் கொன்றுதான் ஆகவேண்டுமா? கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கொம்புபோல ஒன்றை நீட்டும். அம்மா அதை நசுக்கப் போவாள், பிள்ளை அழும். என் தீர்ப்பு பிள்ளையின் பக்கம். நாலு இணுக்கு கறிவேப்பிலை போனால் போகட்டும். இரண்டொரு வாரத்தில் அது கூடு கட்டி, பிறகு நல்ல பட்டாம்பூச்சியாக வெளியே வரும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் பேச்சு குறைந்துகொண்டு வருகிறது. வீடு சந்திக்கப் போகும்போது நான் காண்பது இதுதான். நம் பங்கில் பல குடும்பங்களில் தந்தை வளைகுடா நாட்டில் இருக்கிறார். ஒரு வீட்டில், ஞாயிறுதோறும் அவர் பேசுவார், மகனிடம் முதல் கேள்வி "என்ன மார்க்?" பையன் "ம்" என்பான், போன் அம்மாவிடம் போய்விடும். வெண்டை விதைத்த பிறகு நிலைமை மாறியது. "எத்தனை காய் அப்பா காய்க்கும்?" என்று பையன் கேட்கிறான், தந்தைக்குத் தம் சின்ன வயதுத் தோட்டம் ஞாபகம் வருகிறது, இருபது நிமிஷம் பேசுகிறார்கள். மார்க்கும் நடுவிலே எங்கேயோ வந்து போகிறது.

இன்னொரு வீட்டில் ஓர் அப்பத்தா. எழுபத்தைந்து வயதுக்கு மேல். மகனும் மருமகளும் நல்லவர்கள்தாம். வேளைக்குச் சோறு போடுகிறார்கள். ஆனால் அந்த அம்மாளிடம் ஒரு சங்கதியையும் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? டிவி பெட்டி எல்லாம் சொல்கிறது. பேத்தி அவரை விதைத்தாள். இலை ஏன் சுருங்குகிறது, பந்தலுக்கு என்ன குச்சி, எப்போது பூக்கும் என்று அவளுக்கு ஆயிரம் கேள்வி. பதில் தெரிந்தவர் வீட்டிலே ஒரே ஒருவர்தான். "ஆடியிலே போட்டா மார்கழிப் பனியிலேதான்டி பூக்கும், பொறு" என்று அப்பத்தா சொல்கிறார். சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் வைத்திருந்த விதையை வெளியே எடுத்ததும் அவர்தான். இப்போது நான் போனால், நோயில்பூசுதல் எப்போது சாமி என்று கேட்பதை விட்டுவிட்டு, அவரைப் பந்தலைக் காட்டுகிறார்.

அறுவடையைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை கொண்டுவந்த மூன்று வெண்டைக்காயைச் சந்தையில் வாங்கிய அரைக்கிலோவோடு சேர்த்து நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள். மூன்றானாலும் தனியே வதக்கி வையுங்கள். அதை யாருக்குப் பரிமாறுவது என்று பிள்ளை சொல்லட்டும். சில பிள்ளைகள் பங்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சமையற்கார அம்மாளுக்கு இரண்டு காயை வைத்து என்ன செய்வதென்று திகைப்புத்தான். ஆனாலும் பொரித்துத் தருகிறார். ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். அது அடுத்த ஆண்டுக்கு விதை.

கடைசியாகப் பங்குப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பொன்விழா நினைவாகக் கோயில் வளாகம் முழுவதும் பேவர் கல் பதிக்கத் தீர்மானம் ஆகியிருக்கிறது. தேர் சுற்றிவரும் வழிக்கு அது வேண்டியதுதான். மழைக்காலத்தில் சேற்றிலே வழுக்கி விழுந்தவர்களை நானே தூக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் மறைக்கல்விக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் 40 அடி நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கிறது. தேர் அங்கே வருவதில்லை, சைக்கிளும் நிற்பதில்லை. அதிலே சுவரை ஒட்டி ஓரடி நடைவழி விட்டு, 3 அடி அகலத்துக்குக் கல் பதிக்காமல் மண்ணாகவே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு முதல் நற்கருணைக்கு ஆயத்தமாகிற பிள்ளைகள் 19 பேர். ஆளுக்கு 2 அடி வைத்தால் 38 அடி. மீதி 2 அடியில் கை கழுவும் குழாயின் தண்ணீர் ஓடட்டும். "வளாகம் ஒரே மாதிரி அழகாக இராதே" என்று ஒரு பெரியவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார். உண்மைதான், ஒரே மாதிரி இராது. முதல் மூன்று மாதம் பார்ப்பதற்குக் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன். பேரவை வரும் புதன்கிழமை கூடுகிறது; பெற்றோரில் விருப்பமுள்ளவர்கள் அதற்குள் பேரவை உறுப்பினர்களிடம் பேசலாம்.

பேரவை சம்மதித்தால், ஆடிப் பட்டத்திலேயே தொடங்கிவிடலாம். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆடி முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்தவுடன் பிள்ளைகள் வரட்டும். சிறுகீரை, வெண்டை, காசித்தும்பை விதைகள் உபதேசியாரிடம் இருக்கின்றன. துளையிட்ட மூடியோடு ஆளுக்கொரு பாட்டில், பெயர் எழுதிய ஒரு குச்சி, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற ஒரு சட்டை, இவ்வளவு போதும். குழாய்ச் சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கும். மாலை ஐந்து மணிக்குமேல் கேட்டால் கொடுப்பார், முணுமுணுத்துக்கொண்டாவது கொடுப்பார். வளாகத்துக்குள் ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குப் பெயர் சொல்லவில்லை. அந்த ஞாயிறிலிருந்து தயவுசெய்து ஆடுகளைக் கட்டிப்போடுங்கள்.